நெட்டாலு வீடு

எங்கள் குடும்பத்தில் யாரும் ஐந்தடி மூன்று அங்குலத்தைத் தாண்டி வளர்ந்ததில்லை. அப்பா, அண்ணன், நான், எல்லோரும் கட்டை. அப்படியிருந்தும் ஊர் எங்களுக்கு வைத்த பெயர் நெட்டாலு வீடு. ஜெயமங்கலத்துக்கு அந்தப் பக்கம் உள்ள சின்ன ஊர் அது. கேலிக்குத்தான் அப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டே வளர்ந்தேன். முன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன், "நெட்டை ஆளு மறைக்குது டீச்சர், குனியச் சொல்லுங்க" என்று பின்னாலிருந்து ஒருத்தி கத்துவாள். ஒருநாள் அவள் சடையைப் பிடித்து இழுத்துவிட்டு மத்தியானம் முழுக்க முட்டி போட்டேன். அதற்காக இன்றுவரை வருத்தப்பட்டதில்லை.

பெயர்கூடப் பரவாயில்லை. மாசி சிவராத்திரிக்கு மறுநாள்தான் எங்களுக்கு வயிற்றெரிச்சல். எங்கள் வகையறாவின் குலசாமி ஊருக்கு மேற்கே ஒரு தோட்டத்துக்குள் இருக்கிறது. பங்காளிகள் அத்தனை பேரும் சாமிக்கு எதிரே வரிசையாகப் பொங்கல் வைப்பார்கள். தோட்டத்தின் எல்லையில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல் நட்டிருக்கும். எங்கள் வீடு மட்டும் அந்தக் கல்லுக்கு வெளியே வண்டிப்பாதையில் அடுப்புக் கூட்ட வேண்டும். பொங்கியதை உள்ளேயிருந்து ஒருவர் வந்து வாங்கிக்கொண்டு போய்ப் படைப்பார். பிறகு திருநீற்றைக் கொண்டுவந்து கல்லின் மேல் வைத்துவிட்டுப் போவார். நாங்கள் அதிலிருந்து எடுத்துப் பூசிக்கொள்வோம். கையில் தரமாட்டார்கள்.

இதற்கு ஒரு கதை சொல்வார்கள். அப்பாவின் பூட்டனும், அந்தத் தோட்டத்தை வைத்திருக்கிற பெரியப்பாவின் பூட்டனும் கூடப்பிறந்தவர்கள். எங்கள் ஆள் தம்பி. வெள்ளைக்காரன் காலத்தில் தம்பி ஒரு கிறுக்குப் பிடித்த நாளில் சாமித் தோட்டத்தைச் சர்க்காரிடம் விட்டுக்கொடுத்துவிட்டு, பெண்டாட்டியையும் கைப்பிள்ளையையும் அம்போவென்று போட்டுவிட்டு, கப்பலேறிப் போய்விட்டார். அண்ணன் சர்க்காரிடம் மனுப் போட்டுத் தோட்டத்தை மீட்டார், சாமியைக் காப்பாற்றினார். ஆகவே தம்பியின் வாரிசுகள் கல்லைத் தாண்டக் கூடாது. பெரியப்பா இந்தக் கதையை வருஷா வருஷம் புதிதாகக் கட்டிக்கொண்டு வரும் மருமகள்களுக்குச் சொல்லுவார். வண்டிப்பாதையில் புகைக்குள் உட்கார்ந்திருக்கும் எங்களுக்கும் அது நன்றாகக் கேட்கும்.

தேனி தனி மாவட்டமான புதிதில் ஒரு மாசி. காற்றில் அப்பாவின் துண்டு பறந்து கல்லுக்கு அந்தப் பக்கம் விழுந்தது. அப்பா யோசிக்காமல் இரண்டு எட்டு வைத்து எடுக்கப் போனார். "ஏய், ஏய், காலை எடுங்க" என்று பெரியப்பாவின் மகன் கத்தினான். அறுபத்தைந்து வயது மனிதர் துண்டைக்கூட எடுக்காமல் பின்னால் வந்து, தன் பிள்ளை வயதுள்ளவனைப் பார்த்து, "தப்புத்தான்யா" என்றார்.

நான் போய்த் துண்டை எடுத்தேன். வேண்டுமென்றே மெதுவாக எடுத்தேன்.

"ஏத்தா, நீ கட்டிக்குடுத்த பொண்ணு. ஒனக்கு ஒன் புருசன் வீட்டுச் சாமி இருக்கு. இங்கன ஒனக்கென்ன சோலி?" என்றார் பெரியப்பா.

"எங்கப்பாவுக்கு இருக்கே பெரியப்பா, அந்தச் சோலிதான்" என்றேன்.

அன்றைக்கு முடிவு செய்தேன், தோட்டத்தை விட்டுக்கொடுத்த அந்தப் பழைய காகிதத்தைக் கண்ணால் பார்க்காமல் விடுவதில்லை என்று. அது எனக்கு ஆகாத வேலை ஒன்றுமில்லை. பெரியகுளத்தில் தாலுகா ஆபீசுக்கு எதிரே தட்டச்சும் ஜெராக்ஸும் போட்டுக் கடை வைத்திருந்தேன். பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, நில அளவை என்று ஊரார் மனுவெல்லாம் என் விரல் வழியாகத்தான் போகும். மனுக் கொண்டுவருகிறவர்களிடம் நான் கண்டிப்பாகச் சொல்கிற விஷயம் ஒன்று உண்டு: யார் செய்தார்கள் என்பது வாக்கியத்தில் இருக்க வேண்டும். "வரப்பு வெட்டப்பட்டுவிட்டது" என்று கொண்டுவந்தால் திருப்பி அனுப்புவேன். வரப்பு தானாக வெட்டிக்கொள்ளுமா?

அப்பாவிடம் சொன்னபோது, "விடு தாயி, செத்துப்போனவுக சங்கதி" என்றார். நான் விடவில்லை. எனக்காக, அந்தக் காகிதத்தின் நகல் கேட்டு ஒரு மனு அடித்து, கட்டண வில்லை ஒட்டி அனுப்பினேன். புது மாவட்டம் பிரிகிற நேரம். பழைய ஆவணக் கட்டுகளில் பாதி மதுரையிலிருந்து கிளம்பியிருந்தன, பாதி கிளம்பவில்லை. எங்கள் ஊர்க் கட்டு எந்தப் பாதியில் இருந்தது என்று தெரிய எனக்கு மூன்று வருஷம் ஆயிற்று. நடுவில் எத்தனை பஸ் ஏறினேன் என்று நான் எண்ணவில்லை, என் வீட்டுக்காரர் எண்ணினார்.

அந்த மூன்று வருஷத்துக்குள்தான் பெயரின் சங்கதி விளங்கியது. எம்.ஃபில். படிக்கும் ஒரு பெண் தன் ஆய்வேட்டைத் தட்டச்சு செய்யக் கொடுத்திருந்தாள். நம் ஜில்லாக்களிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிப் போனவர்களைப் பற்றியது. மொரிசியஸ், பிஜி, தென்னாப்பிரிக்காவின் நேட்டால். தட்டச்சுக்காரிக்கு அர்த்தம் தேவையில்லை, எழுத்துப் போதும். நேட்டால், நேட்டால், நேட்டால் என்று ஒரு பக்கத்தில் பத்துத் தடவை அடித்துக்கொண்டே போனேன். பதினோராவது தடவை விரல் நின்றுவிட்டது. நெட்டாலு.

நெட்டை ஆள் இல்லை. நேட்டாலுக்குப் போனவன் வீடு. ஊர் முதலில் அதை அறிந்துதான் சொல்லியிருக்கிறது. சொன்னவர்கள் செத்து, கேட்டவர்களுக்கு அந்தத் தேசம் தெரியாமல் போய், சொல் மட்டும் மிஞ்சி, நான் பள்ளிக்கூடத்தில் முட்டி போட்டிருக்கிறேன். கடையில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். மறுநாள் அந்தப் பெண் வந்ததும், தட்டச்சுக் கூலி வேண்டாம், இந்த ஆளைத் தேடிக் கொடு என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அவளுக்கும் அது லேசான வேலை இல்லை. சென்னைக்கு ஆய்வுக்குப் போகிறபோதெல்லாம் கப்பல் பட்டியல்களைப் புரட்டினாள். ஒருநாள் ஒரே ஒரு பக்கத்தின் நகலோடு வந்தாள். மதுரை ஜில்லா. தாலுகா, பெரியகோலம். எழுதிய குமாஸ்தா குளத்தைக் கோலமாக்கியிருந்தான். ஊர்ப் பெயரை இன்னும் கண்டபடி கடித்து வைத்திருந்தான், வாய்விட்டுப் படித்தால்தான் நம் ஊர் என்று தெரியும். ஆள் பெயர் என் தாத்தாவின் பெயர். பேரனுக்குப் பாட்டனார் பெயரை வைப்பது எங்கள் வழக்கம் என்பதால் அது சரியாகப் பொருந்தியது. தகப்பன் பெயர் பெரியப்பா வருஷா வருஷம் சாமி முன்னால் சொல்லும் முன்னோர் பெயர். வயது இருபத்தாறு. இடது புருவத்தின் மேல் தழும்பு. உயரம் ஐந்தடி ஒன்றரை அங்குலம். சாதிக்கும் ஒரு கட்டம் இருந்தது, அதில் எழுதியிருந்ததை நான் இங்கே எழுதப் போவதில்லை. கப்பல் சென்னையிலிருந்து கிளம்பியது ஒரு நவம்பர் மாதம்.

அவர் ஏன் போனார் என்று எனக்குத் தெரியாது. பஞ்சமா, ஆசைகாட்டிய தரகனா, அண்ணனோடு சண்டையா, எந்தக் காகிதத்திலும் இல்லை. திரும்பி வந்தவர்களின் பட்டியலிலும் அவர் இல்லை என்றாள் அந்தப் பெண். இல்லாததை இட்டுக்கட்டும் வேலையைப் பெரியப்பா வீட்டுக்கே விட்டுவிடுகிறேன். ஆனால் அந்தத் தழும்பைப் படித்தபோது எனக்கு அழுகை வந்தது. எங்கள் ஆளை ஒருவன் முகத்துக்கு நேராக நின்று பார்த்து எழுதியிருக்கிறான்.

கடைசியில் நிலத்தின் காகிதமும் வந்து சேர்ந்தது. இரண்டு தாள். முதல் தாள் ராஜினாமா. இன்றைக்கு வேலையை விடுவதற்குச் சொல்கிறோம், அந்தக் காலத்தில் குடியானவன் நிலத்தை வேண்டாமென்று சர்க்காரிடம் விட்டுவிடுவதற்கு அதுதான் பெயர். "நேரில் ஆஜராகி, என் மனப்பூர்வமாய்" தோட்டத்தை விட்டுவிடுவதாக எழுதி, கீழே ஒரு பெருக்கல் குறி. எழுதத் தெரியாதவர் கையெழுத்துக்குப் பதிலாகப் போடும் கீறல். பக்கத்தில் எங்கள் பூட்டன் பெயர். இரண்டாம் தாள், அப்படி விட்ட நிலத்தைத் தனக்குத் தரும்படி அண்ணன் போட்ட தர்க்காஸ்து மனு. ராஜினாமாவின் தேதி மாசி மாதம், பசலிக் கணக்கில் போட்டிருந்தது.

பசலி என்பது வருவாய்த்துறையின் வருஷம். அதோடு ஐந்நூற்றுத் தொண்ணூறைக் கூட்டினால் இங்கிலீஷ் வருஷம் கிடைக்கும். தாலுகா ஆபீஸ் வாசலில் டீ ஆற்றுகிறவருக்குக்கூட அது தெரியும். நானும் கூட்டினேன். கப்பல் கிளம்பிய அதே வருஷம் வந்தது. மாசி என்றால் பிப்ரவரி, கப்பல் நவம்பர். ஆக முதலில் நிலத்தை விட்டார், ஒன்பது மாதம் கழித்துக் கப்பலேறினார். பெரியப்பாவின் கதை எழுத்துக்கு எழுத்து சரி.

தாளை மேசை இழுப்பறையில் போட்டு மூடினேன். அந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய், "அவுக சொன்னது நெசந்தான்ப்பா" என்றேன். அப்பா தலையை மட்டும் ஆட்டினார். அவர் அதுவரை உள்ளுக்குள் கொஞ்சம் நம்பிக்கை வைத்திருந்தார் என்பது அந்தத் தலையாட்டலில்தான் எனக்குத் தெரிந்தது. அதற்கப்புறம் இரண்டு மாசிக்கு நான் தோட்டத்துப் பக்கமே போகவில்லை.

மூன்றாம் வருஷம் ஜூன் மாதம் ஜமாபந்தி நடந்தது. தாலுகாவின் கணக்குகளையெல்லாம் பெரிய அதிகாரி உட்கார்ந்து பார்த்து அந்த வருஷத்தை முடிக்கும் நாட்கள் அவை. கடையில் மனுக் கூட்டம் நெரிந்தது. வாசலில் ஒலிபெருக்கியில் ஒருவர் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தார்: "இந்தப் பசலி ஜூன் முப்பதோட முடியுது. ஜூலை ஒண்ணு பொறந்தா அடுத்த பசலி. நடப்புப் பசலிக்குள்ள தீர்வு வேணுங்கிறவக இன்னைக்கே மனுக் குடுத்துருங்க."

அதை நான் வருஷா வருஷம் கேட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் காதில் விழுந்தது. பசலி பிறப்பது ஜூலையில். ஜூலையிலிருந்து டிசம்பர் வரைக்கும்தான் ஐந்நூற்றுத் தொண்ணூறு. ஜனவரி பிறந்துவிட்டால் இங்கிலீஷ் வருஷம் மாறிவிடும், பசலி மாறாது. இன்னும் ஒன்று கூட்ட வேண்டும். மாசி ஜனவரிக்கு அப்புறம்.

முன்னால் நின்ற ஆளின் மனுவைப் பாதியில் விட்டுவிட்டு இழுப்பறையைத் திறந்தேன். கூட்டிப் பார்த்தேன். கையால் மூன்று தடவை, கால்குலேட்டரில் ஒரு தடவை. கப்பல் நவம்பரில் போய்விட்டது. ராஜினாமா அதற்கு அடுத்து வந்த பிப்ரவரியில். மூன்று மாதம் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்த மனிதர் பெரியகுளத்தில் தாசில்தார் முன்னால் நேரில் ஆஜராகிக் கீறல் போட்டிருக்கிறார்! அந்தக் கீறலை வைத்து நிலத்தை வாங்கியவர் அண்ணன். தம்பி இல்லாத நேரம் பார்த்து, தம்பி என்று யாரையோ நிறுத்தியோ தானே நின்றோ போட்ட கீறல். ஐந்தடி ஒன்றரை அங்குல மனிதரின் மேல் நூறு வருஷத்துக்கும் மேலாகப் பாரத்தை ஏற்றிவிட்டு உள்ளே பொங்கல் வைத்திருக்கிறார்கள்.

என் மேலும் எனக்குக் கோபம். பிழைப்பே காகிதம் என்று திரிகிறவள், ஒரு ஒன்றைக் கூட்டாமல் அப்பாவைத் தலையாட்ட வைத்துவிட்டேன்.

அப்பாவிடம் போய் விளக்கியபோது அவர் விரல்விட்டு மாதங்களை எண்ணிப் பார்த்தார். பிறகு கேட்டார், "கூட்டத்துல இதச் சொல்லுவியா?"

"சொல்றதுக்குத்தானப்பா வந்திருக்கேன்."

தை மாதம் வகையறாக் கூட்டம் தோட்டத்துத் தகரக் கொட்டகையில் நடந்தது. நாங்கள் வெளியே கல்லோரம் நின்றோம். பேச வேண்டும் என்று நான் கேட்டதும் முணுமுணுப்பு எழுந்தது. பொம்பளை, அதுவும் கட்டிக்கொடுத்தவள். நான் காத்திருக்கவில்லை. கப்பல் காகிதத்தையும் ராஜினாமாவையும் உரக்க வாசித்தேன். பெரியப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"பசலிக்கு ஐந்நூத்தித் தொண்ணூறு கூட்டணும் தாயி. நான் அம்பது வருசமா தீர்வை கட்டுறவன். கூட்டிப் பாரு, ராஜினாமா முந்தி, கப்பல் பிந்தி."

"பசலி எந்த மாசம் பெரியப்பா பொறக்குது?"

"ஜூலையில."

"ஜூலையில பொறந்த பசலிக்கு மாசி எப்ப வரும்? அதே இங்கிலீசு வருசத்துலயா, அடுத்த வருசத்துலயா?"

கொட்டகைக்குள் ஆளாளுக்கு விரலை மடக்கத் தொடங்கினார்கள். தீர்வை கட்டிய கைகள்தானே, எல்லோருக்கும் சீக்கிரமே விளங்கிவிட்டது. பெரியப்பாவின் மகன் தகப்பனைப் பார்க்காமல் தரையைப் பார்த்தான்.

பெரியப்பா தொண்டையைச் செருமினார். "சரி. பழசக் கிண்டி என்ன ஆகப்போகுது? தம்பி வீட்ட மன்னிச்சுவிட்டுருவோம். இந்த மாசிக்கு உள்ள வந்து பொங்க வையுங்க."

நான் ஜெயித்துவிட்டதாகவே நினைத்தேன். அப்பாவின் கையைப் பிடித்து உள்ளே ஒரு அடி வைக்கப் போனேன். அப்பா அசையவில்லை.

"மன்னிப்பா?" என்றார். என் வாழ்நாளில் அந்தக் குரலை நான் கேட்டதில்லை. "யாரு யார மன்னிக்கிறதுண்ணே? எங்க ஆளு குத்தம் செய்யல. அத ஒங்க வாயால சொல்லுங்க. செஞ்சது யாருன்னும் சொல்லுங்க. அப்பறம் வாரேன். அதுவரைக்கும் இங்கனயே இருக்கோம்."

அந்த மாசிக்கு நாங்கள் வண்டிப்பாதையிலேயே பொங்கல் வைத்தோம். திருநீறு கொண்டுவந்து கல்லில் வைத்தபோது அப்பா அதைத் தொடவில்லை. எங்கள் யாரையும் தொடவிடவும் இல்லை. அடுத்த வருஷமும் அப்படியே. அண்ணன்கூட, "உள்ள கூப்பிட்டப்ப போயிருக்கலாம்" என்று என்னிடம் சலித்துக்கொண்டான். நான் அவனோடு ஒரு மாதம் பேசவில்லை.

அதற்கும் அடுத்த தையில், ஒரு மத்தியான நேரம், பெரியப்பா என் கடைக்கு வந்தார். தனியாக வந்திருந்தார். மனுக்காரர்கள் உட்காரும் ஸ்டூலில் உட்கார்ந்து, தலைப்பாகையை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார்.

"ஒரு மனு அடிக்கணும் தாயி."

"யாருக்குப் பெரியப்பா?"

"ஒங்க அப்பனுக்கு."

மகன்கள் சொல்லி வந்தாரா, மனசு உறுத்தி வந்தாரா, நான் கேட்கவில்லை. தாளைச் செருகினேன். அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். "அக்காலத்தில் மேற்படி நிலம் சம்பந்தமாகத் தவறு நேர்ந்துவிட்டபடியால்…" என்றார்.

விரலை எடுத்துவிட்டேன். "நேர்ந்துருச்சா? யாரால பெரியப்பா?"

அவர் வெளியே தாலுகா ஆபீஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யார் செஞ்சதுன்னு இல்லாத மனுவ நான் அடிக்கிறதில்ல. ஊருக்கே தெரியும்."

"எல்லாந்தான் தெரியுமே. அத வேற எழுதணுமா?"

"எழுதணும்."

"எங்க பூட்டன்தான்" என்றார், காற்றுக்குச் சொல்வது போல.

நான் தாளை உருவி எறிந்துவிட்டு, வெள்ளைத் தாளும் பேனாவும் எடுத்து அவர் முன்னால் வைத்தேன். இதை நான் தட்டச்சு செய்ய மாட்டேன், உங்கள் கையாலேயே எழுதுங்கள் என்றேன். இரக்கமில்லாமல்தான் சொன்னேன். அவர் வயதைப் பார்த்து இறங்கிப்போகும் எண்ணம் எனக்கு வரவில்லை. ஐந்தாம் வகுப்புப் படித்த கை, இரண்டு வரி எழுத அரைமணி நேரம் எடுத்துக்கொண்டது. அவரையும் கூட்டிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஊருக்குப் போனேன்.

அப்பா வாசலில் கயிற்றுக் கட்டிலில் இருந்தார். பெரியப்பா தாளை நீட்டினார். அப்பா வாங்கவில்லை.

"எனக்குக் கண்ணு தெரியலண்ணே. நீங்களே வாசிங்க."

அப்பாவுக்குக் கண் நன்றாகத் தெரியும்.

பெரியப்பா உட்கார்ந்தபடி, தாளை முகத்துக்குக் கிட்டே வைத்துக்கொண்டு வாசித்தார். ராஜினாமாவில் கீறல் போட்டது உங்கள் பூட்டன் அல்ல. எங்கள் பூட்டன் உங்களை ஏமாற்றித் தோட்டத்தை எடுத்துக்கொண்டார்.

"இன்னொருக்கா வாசிங்க" என்றார் அப்பா.

அவர் வாசித்தார்.

"எந்திரிச்சு நின்னு வாசிங்கண்ணே. தெருவுக்குக் கேக்கணும்."

எதிர் வீட்டில் ஆட்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். பெரியப்பா கட்டில் சட்டத்தைப் பிடித்து எழுந்து, தெருவைப் பார்த்துத் திரும்பி நின்று, முதலிலிருந்து வாசிக்கத் தொடங்கினார்.